ஓர் ஆளுக்கு மூவாயிரத்து அறுநூறு

மைலோசி கபோலோவை அந்த வருடம் நான் முதலில் நிறுத்துப் பார்த்தபோது ஐம்பத்தெட்டு கிலோ இருந்தான். ஏப்ரல் மாதக் கடைசி. ஷிரே ஆற்றங்கரைக் கரும்புத் தோட்டத்தில் வெட்டு தொடங்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. வேலைக்கு வந்தவர்களைச் சட்டையைக் கழற்றி வரிசையில் நிற்கவைத்து, எடையையும் உயரத்தையும் அட்டையில் எழுதுவது என் பொறுப்பு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் உதவியாளன். பெயர் பினியாஸ். ஆனால் வெட்டு ஆட்கள் என்னைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள்.

மைலோசிக்கு அப்போது முப்பத்தொரு வயது. மேற்கே மலைப்பக்கம், தம்பாணியிலிருந்து வந்தவன். முந்தைய வருடமும் வெட்டுக்கு வந்திருந்தான், தனியாக. இந்த வருடம் மலையில் மழை பொய்த்துவிட்டது. சோளம் முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நின்றது. வீட்டுக் குதிரில் ஒன்றும் இல்லை. அதனால் இந்தத் தடவை மனைவி எனெலேசியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பெரியவள் தோரிக்காவுக்கு ஆறு வயது. சின்னவள் நெலியாவுக்கு மூன்று.

லயத்தில் குடும்பம் இருக்கக் கூடாது என்பது தோட்டத்து விதி. வெட்டு ஆட்களின் லயம் ஒண்டிக்கட்டைகளுக்காகக் கட்டியது; ஆளுக்கொரு அறை, படுத்தால் கால் கதவில் இடிக்கும். அப்படியும் நாற்பது அறைகளில் பதினோரு அறைகளில் அந்த வருடம் குடும்பம் இருந்தது. விடிவதற்குள் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றோர நாணல் காட்டுக்குப் போய்விடுவார்கள். பொழுது சாய்ந்ததும் திரும்பி வருவார்கள். மேஸ்திரி வைசனுக்கு இது தெரியும். பெண்டாட்டி பிள்ளை கூட இருந்தால் ஆள் பாதியில் ஓட மாட்டான் என்று கண்டும் காணாமல் இருந்தார். மேனேஜருக்குத் தெரியாது. தெரிந்தால் குடும்பத்தோடு ஆளும் வெளியே போக வேண்டியதுதான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், மே மாதத்தில் ஒரு நாள் எனெலேசி சின்னவளைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்குக் கொண்டுவந்தாள். மாத்திரை கொடுத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. அவள் போகும்போது, "அண்ணே, நாங்க இங்க வரவே இல்ல," என்றாள். "யாரு வந்தா? நான் யாரையும் பாக்கலையே," என்றேன்.

சனிக்கிழமைதோறும் ஸ்டோரில் ரேஷன் போடுவார்கள். ஒரு வாரத்துக்கு ஓர் ஆளுக்கு ஐந்தேகால் கிலோ சோள மாவு, முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் பயறு, ஒரு பொட்டலம் ஏரிக் கருவாடு, கொஞ்சம் நிலக்கடலை, எண்ணெய், சர்க்கரை, உப்பு. ஸ்டோர் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கடும் உழைப்பாளி ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு மூவாயிரத்து அறுநூறு கலோரி என்று அதில் இருக்கும். யார் எப்போது கணக்குப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தக் காகிதம் பழுத்துப்போயிருந்தது.

அந்த ஒருவரின் மாவைத்தான் மைலோசி வீட்டில் நால்வர் தின்றார்கள். போதாததற்குக் கரும்பு. வெட்டும்போதே மென்றுகொள்வான், இரண்டு துண்டைக் கால்சட்டைக்குள் செருகிப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோவான். ஜூன் கடைசியில் எடை பார்த்தபோது ஐம்பத்துமூன்று கிலோதான் இருந்தான்.

"என்னடா, அஞ்சு கிலோ எங்க போச்சு?"

"ஆத்துல விழுந்துடுச்சு அண்ணே. தேடிக்கிட்டு இருக்கேன்."

"விளையாடாத. சாப்பிடறியா இல்லையா?"

"சாப்பிடறோமே," என்றான். பிறகு அந்த 'றோம்' காதில் விழுந்ததுபோல் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். நான் அட்டையில் எண்ணை எழுதி, அடுத்தவனைக் கூப்பிட்டேன்.

ஜூலையில் எஸ்நாத் கல்யாட்டி வந்தாள். விவசாயக் கல்லூரியில் உணவு ஆராய்ச்சி செய்கிறவள். இருபத்தெட்டு வயது இருக்கும். கட்டையான உருவம், கணீரென்ற குரல், ஆண்களைப்போல் கை வீசி நடப்பாள். கரும்பு வெட்டுகிறவனுக்கு உண்மையில் எவ்வளவு சாப்பாடு தேவைப்படுகிறது, ரேஷன் அதற்குப் போதுமா என்று அளந்து பார்க்க வந்திருந்தாள். மேனேஜர் சம்மதித்திருந்தார். உதவிக்கு என்னைக் கொடுத்தார்கள்.

அவள் முறை இதுதான். பட்டியலில் ஏறக்குறைய மூன்று பேருக்கு ஒருவர் என்று பன்னிரண்டு பேரைப் பொறுக்குவது. ஏழு நாள் அவர்கள் மூன்று வேளையும் சாப்பாட்டுக் கொட்டகையில் அவள் கண் முன்னால் சாப்பிட வேண்டும். அவர்களுடைய ரேஷனையே சமைத்து, தட்டில் வைக்குமுன் நிறுப்பாள். மீதி வைத்தால் மீதியையும் நிறுத்துக் கழிப்பாள். வெளியே எதுவும் போகக் கூடாது. அந்த வாரம் அவர்களுக்கு ஸ்டோரில் ரேஷன் கிடையாது, அதுதான் கொட்டகையில் வேகிறதே. இன்னொரு பக்கம், ஆள் ஒரு நாளில் என்னென்ன செய்கிறான் என்று நிமிடத்துக்கு நிமிடம் குறிப்பது. வெட்டும்போது முதுகில் ஒரு ரப்பர் பையைக் கட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, விடுகிற மூச்சைப் பிடிப்பது. மூச்சிலிருந்து, வெட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை கலோரி செலவாகிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்றாள்.

பட்டியலில் ஏழாவது பெயர் மைலோசி.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். கதவைச் சாத்தினான்.

"அண்ணே, என் பேர எடுத்துடுங்க."

"லிஸ்ட் மேனேஜர் மேஜைக்குப் போயிடுச்சுடா."

"காய்ச்சல்னு சொல்லுங்க. வயித்தால போகுதுன்னு சொல்லுங்க."

"காய்ச்சல்னா பரிசோதனை பண்ணுவாங்க. வயித்தால போனா வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதுவாங்க. மூணு வேளை சோறு போடறேங்கறாங்க, ஒருத்தன் வேணாம்னா ஏன் வேணாங்கறான்னு கேக்க மாட்டாங்களா? மேஸ்திரிய லயத்துக்கு அனுப்பிப் பாக்கச் சொல்லுவாங்க."

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். "ஏழு நாள்," என்றான். "வீட்ல மாவு ரெண்டு நாளைக்கு வரும்."

 ஏழு நாள்தானே என்று சொன்னதாக நினைவு. சொன்னதும் வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை விடிகாலை கொட்டகையில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். தட்டில் மலைபோல் சோளக்களி, பக்கத்தில் பயறு, எண்ணெயில் வதக்கிய கருவாடு. வெளியே வேலைக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்துக் கிண்டல் செய்தார்கள்.

"மாப்பிள்ளைங்களா, பொண்ணு எங்க?"

"டேய் மைலோசி, மெல்லத் தின்னு, தட்டு உடைஞ்சுடப் போகுது!"

மைலோசி கடைசி ஆளாகச் சாப்பிட்டு முடித்தான். ஒவ்வொரு கவளத்தையும் உருட்டி உருட்டி, விழுங்குமுன் ஒரு கணம் வாயில் வைத்திருந்தான். எஸ்நாத் தட்டை வாங்கிப் பார்த்து, "மீதி இல்ல. நல்லது," என்று எழுதினாள்.

அவன் பின்னால் நான் கடிகாரத்தோடு போனேன். நிமிடத்துக்கு ஓர் எழுத்து. வெட்டு, நடை, நிற்றல், உட்காரல், கத்தி தீட்டல். எரித்த கரும்புக் காட்டில் கரி பறந்தது. குனிந்து அடியில் ஒரு வெட்டு, நிமிர்ந்து தலையைச் சீவி ஒரு வெட்டு, வரிசையில் போடு, மறுபடி குனி. பத்து மணிக்கு எஸ்நாத் வந்து பையைக் கட்டினாள். வாயில் குழாயும் மூக்கில் கிளிப்பும் முதுகில் உப்பிக்கொண்டே வரும் பையுமாக அவன் வெட்டியதைப் பார்த்து வைசன் மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆமைக்குக் கத்தி குடுத்த மாதிரி இருக்குடா!"

மறுநாள் மதியத்துக்கு மேல் எஸ்நாத் கணக்கைப் போட்டுக் காட்டினாள். கூட்டல் பெருக்கல்தான், எனக்கே புரிந்தது. எட்டு மணி நேரத் தூக்கம், நிமிடத்துக்கு ஒன்று: நானூற்று எண்பது. உட்கார்வதும் நிற்பதுமாக எட்டு மணி நேரம், நிமிடத்துக்கு ஒன்றரை: எழுநூற்று இருபது. நடை, சில்லறை வேலை மூன்று மணி நேரம், நிமிடத்துக்கு மூன்றரை: அறுநூற்று முப்பது. சுத்தமான வெட்டு ஐந்து மணி நேரம், நிமிடத்துக்கு ஆறரை: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

"மொத்தம் மூவாயிரத்து எழுநூத்து எண்பது," என்றாள். "ரேஷன் மூவாயிரத்து அறுநூறு. கரும்பு வேற மெல்லுறாங்க. ஏறக்குறையச் சரியாத்தான் வருது. ஆனா உங்க அட்டையில இந்த ஆளு ரெண்டு மாசத்துல அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கான். ஏன்?"

"தெரியல மிஸ்," என்றேன்.

"குடல்ல புழு இருக்கும். பாத்துடலாம்."

அந்த மூன்று மணி நேர நடையில் சாயங்காலத்து ஒரு மணி நேரம் மட்டும் அவளுக்கு இடித்தது. வேலை முடிந்த பிறகு அவ்வளவு நடை எதற்கு என்று கேட்டாள். லயத்துக்குப் போனபின் ஏதாவது சில்லறை வேலை இருக்கும் என்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் மைலோசி என்ன செய்தான் என்று எனக்குத் தெரியும். நாணல் காட்டுக்குப் போய் மனைவியையும் பிள்ளைகளையும் இருட்டுமுன் கூட்டிக்கொண்டு வருவான். சின்னவளைத் தோளில் தூக்கி வருவான். அதற்கு எந்த எழுத்தைப் போடுவது? 'நடை' என்று போட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் அவன் பின்னாலேயே லயத்துக்குப் போனேன். எனெலேசி அடுப்பில் எதையோ வேகவைத்துக்கொண்டிருந்தாள். மாவு முந்தைய நாளே தீர்ந்திருந்தது. பகலெல்லாம் சதுப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆம்பல் கிழங்கு தோண்டியிருக்கிறாள். முதலை இருக்கிற இடம். கைவிரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன. கிழங்கு கருப்பாக, நாருடன், கசப்பு வாடை அடித்தது.

தோரிக்கா ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை முகத்துக்குக் கொண்டுபோனாள்.

"அப்பா, உன் கை மீன் வாசம் வருது."

மைலோசி கையை இழுத்துக்கொண்டான். எனெலேசி அடுப்பைப் பார்த்தபடியே, "அப்பாவுக்கு ஆபீஸ்ல வேலை, தோரிக்கா. அங்க மீன் இருக்கும். நீ வந்து உக்காரு," என்றாள். குரலில் கோபம் இல்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. 'உட்காரல்' என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் முதல் மைலோசி லயத்துக்குப் போகுமுன் குழாயடியில் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அதையும் எழுதினேன்.

வியாழக்கிழமை அவன் ஒரு கவளம் களியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான். சூடான களி. சட்டையில் ஈரம் ஊறித் தெரிந்தது. எஸ்நாத் பார்த்துவிட்டாள்.

"என்ன அது? எடுங்க வெளிய."

எடுத்துத் தட்டில் வைத்தான். வயிற்றில் தோல் சிவந்திருந்தது. அவள் அதைத் தராசில் வைத்து நூற்றுப் பத்து கிராம் என்று எழுதிப் பன்றிகளுக்கு வைத்திருந்த வாளியில் போட்டாள். கோபப்படவில்லை. "பசிச்சா அப்புறம் சாப்பிடலாம்னு எடுத்தீங்களா? வேணும்னா இங்கயே இன்னும் கேளுங்க, தரேன். வெளிய மட்டும் கொண்டு போகாதீங்க, என் கணக்கு கெட்டுடும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவனால் விழுங்க முடியவில்லை. தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நானும் எஸ்நாத்தும் அவனும்தான்.

"சாப்பிடுங்க," என்றாள்.

"முடியல மிஸ்."

"உடம்பு சரியில்லையா?"

"மீதின்னு எழுதிக்குங்க."

"எழுதிக்கலாம். ஆனா காலையிலும் பாதிதான் சாப்பிட்டீங்க. இப்படி வெச்சா ரேஷன் அதிகம்னு முடிவாகும். குறைச்சிடுவாங்க. உங்களுக்குத்தான் நஷ்டம்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "தின்னா போதும்பீங்க. தின்னலைன்னா அதிகம்பீங்க," என்றான். பிறகு வாளியைக் காட்டி, "மிஸ், அந்த வாளிய நானே பன்றிக் கொட்டிலுக்குக் கொண்டு போய்க் கொட்டட்டுமா? நீங்க அலைய வேணாம்," என்றான்.

எஸ்நாத் வாளியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் தட்டை வாங்கி நிறுத்து எழுதினாள். அவன் வெட்டுக்குப் போனதும் கதவருகில் என்னை நிறுத்தினாள்.

"லயத்துல யாரு இருக்காங்க?"

நான் சொல்லிவிட்டேன். மைலோசியை மட்டும் சொல்லவில்லை, பதினோரு அறைகளையும் சொன்னேன். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் அப்படி என்றும் சொன்னேன். அவள் மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டாள். 

"அஞ்சு நாளா நான் அந்த ஆளுக்கு ஊட்டிக்கிட்டு இருக்கேன்," என்றாள். "பிள்ளைங்க வாயிலேருந்து புடுங்கி."

"உங்களுக்குத் தெரியாதே மிஸ்."

"உங்களுக்குத் தெரியுமே."

நான் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினேன்.

"ஒரு ஆள்னு எழுதினா என் கணக்கு பொய். நாலு ஆள்னு எழுதினா எல்லாரையும் துரத்திடுவாங்க. வேலையப் பாதியில விட்டுட்டுப் போனா, ரேஷன் போதும்னு அவங்களே எழுதிக்குவாங்க," என்றாள். விரலால் நெற்றியை அழுத்திக்கொண்டாள். அன்று சாயங்காலம் தன் அறையிலிருந்து மூன்று கிலோ மாவும் இரண்டு டப்பா மீனும் ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "இத நான் எங்கயும் எழுதல," என்றாள். நான் கொண்டுபோய் எனெலேசியிடம் கொடுத்தேன். அவள் வாங்கி அதில் பாதியைப் பக்கத்து அறைப் பெண்ணுக்குக் கொடுத்தாள்.

ஏழு நாள் முடிந்தது. எடை பார்த்தோம். மைலோசி ஒரு கிலோ ஏறியிருந்தான். பன்னிரண்டு பேருமே ஏறியிருந்தார்கள். வினை அங்கே முடியவில்லை. வயிறு நிறைந்தவன் கை தானாக வேகமாக ஓடும். அந்த வாரம் அவன் நாளுக்கு ஆறரை டன் வெட்டியிருந்தான். வழக்கமாக வெட்டுவது ஐந்து. மற்றவர்களும் அப்படித்தான். எஸ்நாத் ஓர் ஆள் என்றே எழுதிக் கொடுத்தாள்; வெட்டின கணக்கு அவள் கையில் இல்லை. அது மேஸ்திரியின் சீட்டில் இருந்தது, அங்கிருந்து மேனேஜர் மேஜைக்குப் போனது.

ஆகஸ்ட் முதல் திங்களன்று வைசன் மேஸ்திரி லயத்து முற்றத்தில் நின்று அறிவித்தார். "ரேஷன் போதும்னு படிச்சவங்க வந்து அளந்து சொல்லிட்டாங்க. அத ஒழுங்காத் தின்னா ஆறரை டன் வெட்டலாம்னும் தெரிஞ்சு போச்சு. கம்பெனி உங்க மேல இரக்கப்பட்டு ஆறுன்னு வெச்சிருக்கு. இன்னையிலேருந்து ஆறு. முடிக்காதவனுக்கு அந்த நாள் கணக்குல கிடையாது."

 கூட்டம் மைலோசி பக்கம் திரும்பியது.

"உக்காத்தி வெச்சுப் போட்டாங்க, தின்னுட்டுக் குதிரை மாதிரி ஓடினீங்க."

"மூக்குல கிளிப்பப் போட்டுக்கிட்டு யாருக்குடா வித்த காட்டின?"

"மெதுவா வெட்டியிருக்கக் கூடாதா?"

"தின்னாம மீதி வெச்சா ரேஷனக் குறைப்பாங்கன்னு அந்தப் பொம்பளை சொன்னா," என்றான் மைலோசி. "தின்னுட்டு வெட்டினா இது. நான் என்ன பண்ணியிருக்கணும், சொல்லுங்கடா."

வயதான வெட்டு ஆள் ஒருவர், அவருக்கும் லயத்தில் மனைவி இருந்தாள், மெல்லச் சொன்னார்: "போய்ச் சொல்லிடலாம். நாங்க தனியாத் தின்னலன்னு சொல்லிடலாம்."  சொன்னால் ஆறு திரும்ப ஐந்தாகலாம். பதினோரு குடும்பம் அன்றைக்கே சாலைக்குப் போய்விடும். சாலையிலிருந்து எங்கே போவது? மலையில் மழை இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் சனிக்கிழமைதோறும் மாவு நிச்சயமாக வருகிற ஒரே இடம் தோட்டத்து ஸ்டோர்தான். வேலையை விட்டால் அடுத்த வருடம் பெயர் எடுக்க மாட்டார்கள். எல்லாருக்கும் இது தெரியும். கூட்டம் கலைந்து கத்திகளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனது.

மைலோசி முதல் வாரம் இரண்டு நாள்தான் ஆறு டன் முடித்தான். இரண்டாவது வாரம் ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்தவன் எழ முடியாமல் போனான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தொரு கிலோ. நான் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தேன். பின்வாசலில் எனெலேசி வந்து நின்றாள். உள்ளே வந்து அவன் காலடியில் உட்கார்ந்தாள். நான் வெளியே போக எழுந்தேன். "இருங்கண்ணே, நீங்களும் கேக்கணும்," என்றாள்.

"தோரிக்கா அப்பா, நான் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுக் கிளம்புறேன்."

"எங்க?"

"தெக்க, அக்கா வீட்டுக்கு. சதுப்புல கிழங்கு இன்னும் இருக்காம்."

"கிழங்கத் தின்னு பிள்ளைங்க எத்தன நாள் தாங்கும்?"

"நீ படுத்துட்டா எத்தன நாள் தாங்கும்?" என்றாள். "உன் சோத்த நீ தின்னு. ஆறு டன்ன வெட்டு. டிசம்பர்ல வா. நாங்க இருந்தா பாத்துக்கலாம்."

"அப்படிப் பேசாத."

"வேற எப்படிப் பேசறது, சொல்லு. அப்படிப் பேசறேன்."

 அவன் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி மேற்கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். இரண்டு நாள் கழித்து விடிகாலையில் அவள் நெலியாவை முதுகில் கட்டிக்கொண்டு, தோரிக்காவைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். வாசல் காவலாளி மூட்டையைப் பிரித்துப் பார்த்தான். ரேஷன் மாவு வெளியே போகக் கூடாது என்பது இன்னொரு விதி. மூட்டையில் இரண்டு துணியும் ஒரு பானையும்தான் இருந்தன.

அதற்கப்புறம் மைலோசி தனியாகச் சாப்பிட்டான். ஆறு டன் வெட்டினான். செப்டம்பரில் ஐம்பத்தைந்து, அக்டோபரில் ஐம்பத்தெட்டு, நவம்பரில் ஐம்பத்தொன்பது. அட்டையில் கோடு அழகாக மேலே ஏறியது. மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அந்த அட்டையைப் பார்த்து, "இதுதான் வேணும்," என்று தட்டிவிட்டுப் போனார். மைலோசி யாரோடும் பேச மாட்டான். தராசில் ஏறி எண்ணைக்கூடப் பார்க்காமல் இறங்கிவிடுவான். ஒருமுறை சைக்கிளில் வந்த மீன்காரன் ஒருவனிடம் மாவைக் கொடுத்தனுப்பினான், கரும்புத் தோகைக்குள் மறைத்து. போய்ச் சேர்ந்தது என்று செய்தி வந்தது. இரண்டாவது முறை கொடுத்தது பற்றி ஒன்றும் தெரியவில்லை. அந்த மீன்காரன் மறுபடி வரவில்லை.

டிசம்பர் நடுவில் ஆலை நின்றது. மைலோசி தெற்கே போனான். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். ஆனால் நெலியா நடப்பதை விட்டுவிட்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கி, முடி செம்பட்டையாகி, யார் தூக்கினாலும் முனகினாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை நாள் நடந்தான். ஆறு வாரம் அங்கே பால் கொடுத்துத் தேற்றினார்கள். ஜனவரியில் மழை பிடித்துக்கொண்டது. பிப்ரவரியில்தான் அவள் மறுபடி காலை ஊன்றி நின்றாளாம். இதெல்லாம் அடுத்த ஏப்ரலில் அவனே எனக்குச் சொன்னான், தராசின்மேல் நின்றபடி. ஆமாம், திரும்பி வந்திருந்தான். இந்தத் தடவை தனியாக.

எஸ்நாத்தும் சும்மா இருக்கவில்லை. அந்த மழைக்காலத்தில், வெட்டு இல்லாத மாதங்களில், ஆட்களின் ஊர்களுக்கே போயிருக்கிறாள். அங்கே துரத்துவதற்கு யாரும் இல்லை. பெயர் எழுதாமல் ஒரே ஒரு கேள்வியை வீடு வீடாகக் கேட்டிருக்கிறாள்: வெட்டுக்குப் போனவர் ரேஷனை எத்தனை பேர் சாப்பிட்டீங்க? அதை வைத்துத் தோட்டத்துக்கு எழுதினாள். ஓர் ஆளின் தேவையை ஓர் ஆளாக வைத்துக் கணக்குப் போட்டால் கணக்கு தப்பு, இந்த ஊரில் யாரும் ஓர் ஆளாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியதாக என்னிடம் சொன்னாள். மாவைக் கூட்ட வேண்டும், லயத்தில் குடும்பத்தை அனுமதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

தோட்டம் மாவைக் கூட்டவில்லை. குடும்பத்தை அனுமதிக்கவில்லை. ஆறு டன்னும் ஆறாகவே இருந்தது. ஒன்று மட்டும் செய்தார்கள். காலை பத்து மணிக்கு வெட்டுகிற காட்டுக்கே டிராக்டரில் பீப்பாய் வரும். சோளமும் கேழ்வரகும் காய்ச்சிச் சர்க்கரை போட்ட தோப்வா கஞ்சி, ஆளுக்கு இரண்டு பெரிய குவளை. நின்ற இடத்திலேயே குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பித் தர வேண்டும். புட்டியில் பிடிக்கக் கூடாது. கொடுக்கிற சாப்பாடு வெட்டுகிறவன் வயிற்றைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது என்பதற்காக யோசித்துச் செய்த ஏற்பாடு. எஸ்நாத் அதைக் கேட்டுக் கரித்துக்கொட்டினாள்.

முதல் நாள் நான் அங்கே இருந்தேன். வைசன் மேஸ்திரி வரப்பில் நின்று, "குடி, குடுத்துட்டுப் போ! குடி, குடுத்துட்டுப் போ!" என்று கத்திக்கொண்டிருந்தார். மைலோசி குவளையை வாங்கிக்கொண்டு குடிக்காமல் என்னிடம் வந்தான். முகமெல்லாம் கரி.

"அண்ணே, இத எடுத்துட்டுப் போக வழியே இல்லல்ல?"

"இல்லடா. வாசல்ல பாக்குறாங்க. நாளாவும் ஆகும், புளிச்சுடும்."

"யாருக்கும் குடுக்க முடியாது."

"முடியாது."

"அப்ப சரி," என்றான். அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, நிறுத்தாமல் குடித்தான். ஒரு வருடமாக அவன் எதையும் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. இரண்டாவது குவளையையும் வாங்கிக் குடித்தான். புறங்கையால் வாயைத் துடைத்தான். மேஸ்திரி கத்தியதும் குவளையைக் கொடுத்துவிட்டு வரிசைக்குப் போய்க் குனிந்தான்.

இன்னும் பதினைந்து வருடம் வெட்டுக்கு வந்தான். எடை ஐம்பத்தாறுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவில் நின்றது. ரேஷன் மாவில் வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ மிச்சம் பிடித்துக் களியாகக் கிண்டி, தகரக் கூரையில் வற்றலாகக் காயவைத்து, மூட்டை கட்டி டிசம்பரில் ஊருக்குக் கொண்டுபோவான். மாவைத்தானே பிடிக்கிறார்கள், வற்றலை எந்த விதியும் சொல்லவில்லை என்பான். பதினாறாவது வருடம் முதுகு விட்டுப்போனது. ஏப்ரல் எடைக்கு வந்தவனை நான்தான் லாயக்கில்லை என்று எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, நெலியாவுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம், வாங்கண்ணே என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனான்.